அலர்ஜிக்கு ஊசி போட்டால் எதிர்ப்புச் சக்தி போய்விடுமா?

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு அம்மா நீளமாக எழுதியிருக்கிறார். மகனுக்கு 20 வயது, கோவையில் இன்ஜினியரிங் இரண்டாம் வருடம், ஹாஸ்டல். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது கன்னத்தில் கரப்பான் (எக்சிமா) வந்தது, ஐந்து வயதில் வீசிங், அப்புறம் காலையில் எழுந்தவுடன் இருபது முப்பது தும்மல். இப்போது கழுத்து, முழங்கை மடிப்பு, முழங்காலுக்குப் பின்பக்கம் எல்லாம் தடித்துக் கறுத்துவிட்டது, இரவெல்லாம் சொறிகிறான், காலையில் பெட்ஷீட்டில் ரத்தப் பொட்டு. ரத்தத்தில் ஐஜிஇ, அதாவது அலர்ஜியில் கூடுகிற எதிர்ப்புரதம், 4,200. மருந்துக்கடையில் கொடுக்கிற மாத்திரையும் ஆயின்ட்மென்டும் போட்டால் ஒரே வாரத்தில் தோல் பளிச்சென்று ஆகிவிடுகிறது, நிறுத்தினால் பத்து நாளில் முன்னைவிட மோசமாகத் திரும்புகிறது. தோல் டாக்டர் ஒருவர் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை போடுகிற டுபிலுமாப் ஊசியைச் சொல்லி, "இது செல்லில் இருக்கிற ஒரு ரிசப்டரை அடைத்துவிடும்" என்றாராம். அந்த வார்த்தைதான் அம்மாவைத் தூங்கவிடவில்லை. அடைத்துவிட்டால் பையனுக்கு எதிர்ப்புச் சக்தி என்ன ஆகும்? தோல், மூக்கு, நெஞ்சு மூன்றுக்கும் எப்படி ஒரே ஊசி? ஐஜிஇ குறையுமா? ஊசியை ஆயுள் முழுக்கப் போட வேண்டுமா? மாமியார் "ரத்தம் கெட்டிருக்கு, கத்தரிக்காய், கருவாடு நிறுத்து" என்கிறாரே, அது சரியா? கடைசி வரியில், நகையை அடகு வைத்தாவது ஊசி போடலாமா என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, அந்தக் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நகையை இப்போதே அடகு வைக்க வேண்டாம். ஊசி கெட்டது என்பதால் இதைச் சொல்லவில்லை, அது நல்ல மருந்து, உங்கள் மகனுக்கு அதுவே தேவைப்படவும் செய்யலாம். ஆனால் அதற்கு முன்னால் முடிக்க வேண்டிய சில வேலைகள் அரைகுறையாகக் கிடக்கின்றன என்று உங்கள் கடிதமே காட்டுகிறது. அதற்கு வருகிறேன். அந்த ரிசப்டர் என்ன என்பதை முதலில் பார்த்துவிடுவோம், உங்கள் பயமெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

எதிர்ப்புச் சக்தி என்றால் நாம் ஏதோ மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி நினைத்துக்கொள்கிறோம், நிறைந்தால் நல்லது, குறைந்தால் ஆபத்து என்று. உடம்பு அப்படி வேலை செய்வதில்லை. பல படைகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வேலை. காசநோய்க் கிருமியைப் பிடித்து அடைத்து வைப்பது ஒரு படை, தோலில் பூஞ்சை, பாக்டீரியா வந்தால் ஓடிவருவது இன்னொன்று, குடலில் புழு பூச்சி வந்தால் அதை வெளியே தள்ளுவது மற்றொன்று. இந்த மூன்றாவது படைதான், புழு எதுவும் இல்லாதபோதும், வீட்டுத் தூசியில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உண்ணியையும் கரப்பான்பூச்சிக் கழிவையும் பூஞ்சைத் தூளையும் எதிரி என்று நினைத்து எழுந்துவிடுகிறது. அலர்ஜி என்று நாம் சொல்வது இதைத்தான். உங்கள் மகனுக்கு எதிர்ப்புச் சக்தி கம்மியும் இல்லை, ரத்தம் கெட்டுப்போகவும் இல்லை.

இந்தப் படைகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது சைட்டோகைன் என்கிற சின்னச் சின்னப் புரதங்கள் மூலமாக. ஒரு செல் அதை வெளியே விடும், இன்னொரு செல்லின் மேல்பரப்பில் அதைப் பிடித்துக்கொள்ள ஓர் அமைப்பு இருக்கும், அதுதான் ரிசப்டர், தமிழில் ஏற்பி என்பார்கள். ஏற்பி இல்லாத செல்லைச் சுற்றி எவ்வளவு சைட்டோகைன் மிதந்தாலும் அதற்கு ஒன்றும் கேட்காது. ஆகவே உடம்பில் எந்தச் செய்தி ஓடுகிறது என்பது பாதிக் கதைதான். யாரிடம் எந்த ஏற்பி இருக்கிறது, எத்தனை இருக்கிறது, அது யாரோடு சேர்ந்து நிற்கிறது என்பது மீதிப் பாதி, அலர்ஜியில் அந்தப் பாதிதான் முக்கியம் என்பது என் எண்ணம்.

அலர்ஜிப் படையின் முக்கியமான இரண்டு செய்திகளுக்கு இன்டர்லூக்கின்-4, இன்டர்லூக்கின்-13 என்று பெயர். சுருக்கமாக ஐஎல்-4, ஐஎல்-13. இவற்றின் ஏற்பி ஒற்றைத் துண்டு கிடையாது, இரட்டை மாட்டு வண்டி மாதிரி இரண்டு துண்டு சேர்ந்தால்தான் நகரும். நுகத்தடியில் ஒரு பக்கம் எப்போதும் ஒரே மாடு, அதற்கு ஐஎல்-4 ஆல்ஃபா என்று பெயர். மறுபக்கத்து மாடு இடத்துக்கு இடம் மாறும். ரத்தத்தில் ஓடுகிற வெள்ளை அணுக்களில் காமா என்கிற துண்டு வந்து நிற்கும், இது முதல் வகை வண்டி. தோல், மூச்சுக்குழாய்ச் சுவர், அதைச் சுற்றியுள்ள தசை மாதிரியான இடங்களில் ஐஎல்-13 ஆல்ஃபா-1 என்கிற துண்டு வந்து நிற்கும், இது இரண்டாம் வகை. ஐஎல்-4 இரண்டு வண்டியையும் பூட்ட முடியும். ஐஎல்-13 இரண்டாவதை மட்டும்தான் பூட்டும். எந்த வண்டியானாலும் அந்த ஆல்ஃபா மாடு இல்லாமல் நகராது, இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதிலிருந்து வந்துவிடும்.

வண்டி பூட்டியதும் உள்ளே என்ன நடக்கிறது? ஏற்பியின் வால்பகுதி செல்லுக்குள் நீண்டிருக்கும், அதில் ஜாக் என்கிற என்சைம்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டு துண்டும் பக்கத்தில் வந்தவுடன் அவை ஒன்றையொன்று தட்டி எழுப்பி, ஸ்டாட்-6 என்கிற புரதத்துக்குப் பாஸ்பேட்டை ஒட்டிவிடும், அந்த ஸ்டாட்-6 இரண்டிரண்டாகச் சேர்ந்து செல்லின் மையத்துக்குள் போய் மரபணுக்களைத் திறந்துவிடும். சில நிமிடத்துக்குள் ஆரம்பித்துவிடுகிற வேலை இது. எந்த மரபணு திறக்கும் என்பது அது எந்தச் செல் என்பதைப் பொறுத்தது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் பதில். பி செல் என்கிற வெள்ளை அணுவில் இந்தச் செய்தி போனால் அது ஐஜிஇ செய்யத் தொடங்கும், உங்கள் ரிப்போர்ட்டில் இருக்கும் 4,200 அப்படி வந்ததுதான். மூச்சுக்குழாயில் போனால் சளி சுரக்கிற செல்கள் பெருகும், சுற்றியுள்ள தசை லேசாகச் சீண்டினாலே இறுகும், அதுதான் வீசிங். ரத்தக்குழாய்ச் சுவரில் போனால் ஈசினோபில் என்கிற அணுக்கள் ஒட்டிக்கொண்டு வெளியே திசுவுக்குள் இறங்க வழி செய்துவிடும். தோலில் போனால், தோலைச் செங்கல் சுவர் மாதிரி இறுக்கி வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்கிற புரதமும் கொழுப்புப் பூச்சும் குறைந்துவிடும், ஈரம் வெளியே போகும், தூசியும் கிருமியும் உள்ளே வரும். சிலருக்கு ஃபிலாக்ரின் மரபணுவிலேயே பிறவிக் குறை இருக்கும், இது 2006இல் தெரியவந்தது. ஆனால் மரபணு நன்றாக இருக்கிறவர்களுக்கும் இந்த இரண்டு சைட்டோகைன்கள் அதன் உற்பத்தியைக் குறைத்துவிடுகின்றன, அது தெரிந்த பிறகுதான் கரப்பானை வெறும் தோல் கோளாறு என்று பார்க்கும் பழக்கம் மாறியது.

அப்புறம் அரிப்பு. தோலில் இருக்கிற உணர்வு நரம்புகளிலேயே இந்த ஏற்பி இருக்கிறது, ஐஎல்-4 வந்து அந்த நரம்பின் கூச்சத்தை ஏற்றிவிடுகிறது என்று 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஐஎல்-31 என்று இன்னொரு சைட்டோகைன், அதற்கும் நரம்பில் தனி ஏற்பி உண்டு. இதனால்தான் செட்ரிசின், லெவோசெட்ரிசின் எத்தனை போட்டாலும் தம்பிக்கு இரவு அரிப்பு அடங்குவதில்லை, அவை ஹிஸ்டமின் என்ற வேறு பொருளைத்தான் தடுக்கின்றன. காலைத் தும்மலுக்கு அவை உதவும், இந்த அரிப்புக்குப் பெரிதாக எடுபடாது. "மாத்திரை போட்டும் சொறிகிறான், கட்டுப்பாடு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள், தயவுசெய்து அவனை அப்படித் திட்டாதீர்கள். நரம்பே அரிக்கச் சொல்லும்போது தூக்கத்தில் கையை எப்படிக் கட்டுப்படுத்துவான்?

சொறிவதால் நோய் ஏறுகிறது என்பது மட்டும் உண்மை. தோல் செல் கிழியும்போது அது டிஎஸ்எல்பி, ஐஎல்-33 என்று அபாயச் செய்திகளை விடும், அவற்றுக்கும் தனித்தனி ஏற்பிகள் உண்டு, அவற்றைக் கேட்ட அணுக்கள் இன்னும் ஐஎல்-13ஐ வெளியே விடும், தோல் இன்னும் மெலியும், இன்னும் அரிக்கும். போதாததற்கு, ஐஎல்-4 தன் ஏற்பியையே சில அணுக்களில் அதிகமாக்கிவிடும், கேட்கிற காதே பெரிதாகிப்போவது போல. பல வருடம் ஓடிய கரப்பான் இரண்டு நாள் களிம்பில் ஏன் அடங்குவதில்லை என்பதற்கு இது ஒரு காரணம்.

உடம்பும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பதில்லை, பிரேக் வைத்திருக்கிறது. ஐஎல்-13 ஆல்ஃபா-2 என்று ஒரு துண்டு உண்டு, ஐஎல்-13ஐ மிக இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும், ஆனால் அதன் பின்னால் வண்டி கிடையாது, பூட்டினாலும் ஒன்றும் நகராது. ஐஎல்-13ஐ இப்படி ஏமாற்றி உறிஞ்சிவிடுவதுதான் அதன் முக்கிய வேலை. செல்லுக்குள்ளேயும் ஜாக்கை அடக்குகிற புரதங்கள் இருக்கின்றன. அலர்ஜி இல்லாதவர்களுக்கும் ஐஎல்-4, ஐஎல்-13 வரத்தான் செய்கின்றன, அவர்களுக்கு இந்தப் பிரேக் சரியாகப் பிடிப்பது ஒரு காரணமாக இருக்கலாம். சிலருக்கு ஆல்ஃபா துண்டில் ஓர் எழுத்து மாறியிருப்பதும் அலர்ஜியோடு சேர்ந்து வருகிறது என்று 1997லேயே எழுதினார்கள். ஸ்டாட்-6 பிறவியிலேயே ஓயாமல் முடுக்கிவிடப்பட்ட நிலையில் இருக்கும் குழந்தைகளுக்குப் பிறந்த சில மாதத்திலேயே கடுமையான கரப்பானும் உணவு அலர்ஜியும் வருவதைச் சமீப வருடங்களில் கண்டிருக்கிறார்கள். வளர்ப்பிலோ சாப்பாட்டிலோ நீங்கள் செய்த தவறால் இது வந்துவிடவில்லை என்பதற்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன், உங்கள் கடிதத்தில் அந்தக் குற்ற உணர்ச்சி வரிக்கு வரி தெரிந்தது.

சரி, ஊசிக்கு வருவோம். முதலில் ஐஎல்-4ஐ மட்டும் பிடிக்கிற மருந்துகளை ஆஸ்துமாவுக்குச் செய்து பார்த்தார்கள், பெரிய சோதனைகளில் நிற்கவில்லை, ஏனென்றால் ஐஎல்-13 இரண்டாம் வண்டியை ஓட்டிக்கொண்டே இருந்தது. ஐஎல்-13ஐ மட்டும் தடுக்கிற மருந்துகளும் ஆஸ்துமாவில் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை, ஆனால் தோல் கரப்பானில் நன்றாக வேலை செய்கின்றன, தோலில் ஐஎல்-13தான் பெரியவர். டுபிலுமாப் செய்தியைத் துரத்தவில்லை, இரண்டு வண்டிக்கும் பொதுவான அந்த ஆல்ஃபா மாட்டின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. அதனால் இரண்டு சைட்டோகைனும் ஒரே சமயத்தில் பேச்சிழந்துபோகின்றன. அமெரிக்காவில் 2017இல் பெரியவர்களின் கரப்பானுக்கு அனுமதி கிடைத்தது, 2018இல் ஆஸ்துமாவுக்கு, 2019இல் மூக்கில் சதை வளரும் சைனஸ் நோய்க்கு, 2022இல் ஆறு மாதக் குழந்தையின் கரப்பான் வரைக்கும். ஒரே ஏற்பி மூன்று இடத்திலும் இருப்பதால் ஒரே ஊசி மூன்று இடத்திலும் பேசுகிறது.

எவ்வளவு பலன் என்று நேராகச் சொல்லிவிட வேண்டும், விளம்பரத்தில் வருகிற முகங்களைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. 2016இல் வெளியான இரண்டு பெரிய சோதனைகளில், 16 வாரம் இரண்டு வாரத்துக்கொரு முறை ஊசி போட்டவர்களில் 36 முதல் 38 சதவீதம் பேருக்குத் தோல் முழுதாகவோ ஏறக்குறைய முழுதாகவோ தெளிந்தது, மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களில் 8 முதல் 10 சதவீதம் பேருக்குத்தான். நோயின் அளவு முக்கால் பங்கு குறைந்தவர்கள் என்று பார்த்தால் 50 சதவீதத்தை ஒட்டி வரும், சிலருக்கு 16 வாரத்துக்குப் பிறகும் முன்னேற்றம் தொடரும். நல்ல மருந்துதான், ஆனால் எல்லோருக்கும் தோல் கண்ணாடியாகிவிடும் என்று நினைத்துப் பணத்தைக் கட்டாதீர்கள். அரிப்பு மட்டும் பலருக்கு முதல் சில வாரத்திலேயே இறங்கிவிடுகிறது, தூக்கம் வருகிறது, அதுவே பெரிய விஷயம் என்பது ஒரு தாய்க்குச் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் பெரிய பயம். ஆல்ஃபாவை அடைத்தால் காசநோய், வைரஸ், சாதாரணக் காய்ச்சல் இவற்றை எதிர்க்கிற படை என்ன ஆகும்? அந்தப் படைகள் நம்பியிருப்பது இன்டர்ஃபெரான், ஐஎல்-12, ஐஎல்-17 மாதிரியான வேறு சைட்டோகைன்களை, அவற்றின் ஏற்பிகளில் இந்த ஆல்ஃபா துண்டு கிடையாது. அதனால் அவை வழக்கம்போல வேலை செய்கின்றன. சோதனைகளில் ஊசி போட்டவர்களுக்குத் தோல் தொற்று கூடவில்லை, குறையவே செய்தது, தோல்சுவர் சரியாகும்போது கிருமிக்கு வழி குறைகிறது. இதே வண்டியின் மறுபக்கத்து மாடான காமா துண்டைப் பாருங்கள், அது ஐஎல்-2, ஐஎல்-7, ஐஎல்-15 என்று இன்னும் பல சைட்டோகைன்களுக்கும் பொது. அது பிறவியிலேயே கெட்டுப்போன ஆண்குழந்தைகளுக்கு எதிர்ப்புச் சக்தியே உருவாகாது, சிகிச்சை இல்லாவிட்டால் முதல் ஓரிரு வருடம்கூடத் தாங்காது, 1993இல் அந்தக் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். ஒரே ஏற்பியின் இரண்டு துண்டுகளுக்குள் எவ்வளவு வித்தியாசம்! "ரிசப்டரை அடைப்பது" என்று பொதுவாகச் சொன்னால் பயமாகத்தான் இருக்கும், எந்தத் துண்டை என்று கேட்க வேண்டும்.

மூன்றாவது படை, அதாவது புழுவைத் தள்ளுகிற படை, இந்த ஊசியால் தளரத்தான் செய்யும். நம் ஊரில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. ஊசி ஆரம்பிக்கும் முன் வயிற்றில் பூச்சி இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்டு, மலப் பரிசோதனையோ பூச்சி மருந்தோ அவர் சொல்வதை முடித்துவிடுங்கள், சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் அல்பெண்டசோல் கொடுத்தார்கள் என்பது இப்போதைக்குக் கணக்கில் வராது. உயிருள்ள கிருமியால் செய்த தடுப்பூசி ஏதாவது பாக்கி இருந்தால் அதையும் முன்கூட்டியே பேசிவிடுங்கள். கரப்பானுக்குப் போடுகிறவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்குக் கண் சிவந்து உறுத்தும், பெரும்பாலும் சொட்டு மருந்தில் அடங்கும், பார்வை மங்கினாலோ வலித்தாலோ கண் டாக்டரை உடனே பார்க்க வேண்டும். இன்னொன்று, ஊசி ஆரம்பித்த சில வாரத்தில் ரத்தத்தில் ஈசினோபில் எண்ணிக்கை கூடிக் காட்டலாம். வெளியே இறங்குகிற வழி அடைபட்டதால் அணுக்கள் ரத்தத்திலேயே நிற்கின்றன, பெரும்பாலும் தானாக இறங்கிவிடும். ரிப்போர்ட்டைப் பார்த்து நீங்களாக ஊசியை நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள், மூச்சு மோசமானாலோ கை கால் மரத்தாலோ மட்டும் காத்திருக்கக் கூடாது.

யாராவது உங்களிடம் "ஊசி எதற்கு, அதே வேலையைச் செய்கிற, ஜாக்கைத் தடுக்கிற மாத்திரை இருக்கிறது" என்று சொல்லலாம். வேகமாகக் கேட்கும், உண்மை. ஆனால் ஜாக் என்சைம் இந்த ஒரு ஏற்பிக்கு மட்டும் வேலை பார்ப்பதில்லை, இன்டர்ஃபெரான், ஐஎல்-6 என்று ஒரு பெரிய கூட்டத்துக்கே அதுதான் பொது, அதைத் தடுத்தால் காசநோயை எதிர்க்கிற படைக்கும் கொஞ்சம் கை கட்டுப்படும். அக்கி வரலாம், கொழுப்பு ஏறலாம், ரத்தக்கட்டி பற்றிய எச்சரிக்கையும் உண்டு. தகுந்தவர்களுக்கு அதுவும் நல்ல மருந்துதான், ஆனால் காசநோய்ப் பரிசோதனையும் ரத்தப் பரிசோதனையும் செய்யாமல், தொடர்ந்து பார்க்கிற டாக்டர் இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

ஐஜிஇ 4,200 பற்றி. அந்த எண்ணை மறந்துவிடுங்கள் என்று சொன்னால் கோபம் வருமா தெரியவில்லை, ஆனால் அதைத்தான் சொல்வேன். அது அந்தப் பி செல்லுக்குப் போன செய்தியின் விளைவு, அரிப்பின் அளவுகோல் கிடையாது. ஐஜிஇயையே பிடிக்கிற ஓமலிசுமாப் ஊசி அலர்ஜி ஆஸ்துமாவுக்கும் நாள்பட்ட அர்ட்டிகேரியா தடிப்புக்கும் உதவுகிறது, கரப்பானில் பெரிதாக நிரூபிக்கவில்லை. டுபிலுமாப் போட்டால் ஐஜிஇ மாதக்கணக்கில் மெதுவாக இறங்கும், தோல் அதற்கு முன்பே நன்றாகிவிடும். மூன்று மாதத்துக்கொரு முறை அந்தப் பரிசோதனைக்குச் செலவு செய்வதை விட்டுவிட்டு அந்தப் பணத்தில் தோலுக்குப் பூசுகிற மாய்ஸ்சரைசர் வாங்கலாம்.

உங்கள் மாமியாரிடம் சண்டை போட வேண்டாம், ஆனால் கத்தரிக்காயையும் கருவாட்டையும் நிறுத்தியதால் இத்தனை வருடத்தில் ஏதாவது மாறியதா என்று நீங்களே யோசித்துப் பாருங்கள். ஏதாவது சாப்பிட்டு ஓரிரு மணி நேரத்துக்குள் உதடு வீங்குவது, உடம்பெல்லாம் தடிப்பது, வாந்தி, மூச்சுத் திணறல் என்று வந்தால் அதை நிறுத்தி டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்படி எதுவும் இல்லாதபோது, ஹாஸ்டலில் ஏற்கெனவே அரைவயிறு சாப்பிடுகிற பையனின் தட்டிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே போவது அவனை மெலிய வைக்கும், கரப்பானைக் குறைக்காது.

இனி அந்த அரைகுறை வேலைகள். இதில் எனக்கு உண்மையாகவே வருத்தமும் கோபமும் இருக்கிறது, உங்கள் மேல் இல்லை, சீட்டு இல்லாமல் இதைக் கொடுக்கிற பழக்கத்தின் மேல். ஒரு வாரத்தில் பளிச்சென்று ஆக்கி, நிறுத்தினால் பத்து நாளில் பாய்ந்து வருகிறது என்றால், அந்த மாத்திரை பெட்டாமெத்தசோன், டெக்சாமெத்தசோன் மாதிரி ஏதோ ஒரு ஸ்டெராய்டாக இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டெராய்டு ஒரு ஏற்பியைத் தேர்ந்தெடுத்து அடைப்பதில்லை, எல்லாப் படையையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்துவிடும். எதிர்ப்புச் சக்தி குறையுமோ என்று நீங்கள் ஊசியைப் பார்த்துப் பயப்படுகிறீர்கள், அந்தப் பயத்துக்கு நிஜமான காரணம் இருப்பது இந்த மாத்திரையில்தான். சர்க்கரை, எலும்புத் தேய்வு, கண்புரை என்று அதன் பட்டியல் நீளம். ஆனால் ஒரு முக்கியமான விஷயம்: பல வாரமாக, மாதமாகத் தொடர்ந்து போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தக் கூடாது. உடம்பு தன் ஸ்டெராய்டைச் செய்வதை மறந்துபோயிருக்கும், திடீரென நிறுத்தினால் மயக்கம், வாந்தி, ரத்த அழுத்தம் விழுவது வரைக்கும் போகலாம். எத்தனை நாள், எவ்வளவு என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லி, அவர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

கடை ஆயின்ட்மென்ட் பெரும்பாலும் கடுமையான ஸ்டெராய்டு, பூஞ்சை மருந்து, கிருமி மருந்து மூன்றையும் ஒன்றாகக் குழைத்ததாக இருக்கும். அதை நிறுத்திவிட்டு, டாக்டர் எழுதிக்கொடுக்கும் ஒற்றை ஸ்டெராய்டுக் களிம்பை, பயப்படாமல், போதிய அளவில், போதிய நாள் பூச வேண்டும். எல்லோரும் ஒன்று அதிகம் பூசுவார்கள், இல்லை பயந்துகொண்டு பொட்டு மாதிரி தொட்டு வைப்பார்கள். ஆள்காட்டி விரலின் கடைசிக் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அது அரை கிராம், விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அளவு தோலுக்கு அது போதும். தடிப்பு நன்றாக அடங்கின பிறகும், வழக்கமாக வருகிற இடங்களில் மட்டும் வாரத்தில் இரண்டு நாள் பூசி வருவது, திரும்ப வெடிப்பதை நன்றாகக் குறைக்கிறது, இதையும் உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். முகம், கண் இமை, கழுத்துக்கு டாக்ரோலிமஸ் களிம்பு இருக்கிறது, அதில் தோல் மெலிகிற தொல்லை இல்லை, முதல் சில நாள் எரியும், அவ்வளவுதான்.

அதைவிட முக்கியம் மாய்ஸ்சரைசர். தோல்சுவரை வெளியிலிருந்து பூசி அடைக்கிற வேலை இது. குளித்து ஈரம் முழுதாகக் காய்வதற்குள் பூச வேண்டும், தினம் இரண்டு தடவை, இவ்வளவு பரந்த கரப்பானுக்கு வாரத்துக்குக் கால் கிலோ வரை ஆகும். 50 கிராம் ட்யூப் ஒன்றை இரண்டு மாதம் வைத்திருந்தால் அது பூசினதாகவே கணக்கில்லை. விலை உயர்ந்தது தேவையில்லை, வாசனை இல்லாத சாதாரண பெட்ரோலியம் ஜெல்லி, லிக்விட் பாரஃபின் கலந்த க்ரீம் போதும், வெயில் காலத்தில் வியர்வையோடு பிசுபிசுத்தால் லேசான லோஷனுக்கு மாறிக்கொள்ளலாம். சுடுதண்ணீர்க் குளியல், வாசனை சோப்பு, உடம்பு தேய்க்கிற நார் மூன்றையும் விட்டுவிட வேண்டும்.

வீசிங்குக்கு இன்ஹேலரைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, அது என்னை உறுத்துகிறது. திணறும்போது மட்டும் நீல நிற இன்ஹேலரை அடித்துக்கொள்கிறானா, இல்லை தினமும் போடுகிற ஸ்டெராய்டு இன்ஹேலர் இருக்கிறதா? இல்லையென்றால் நெஞ்சு டாக்டரை இந்த மாதமே பாருங்கள். அந்த இன்ஹேலர் ஸ்டெராய்டு மைக்ரோகிராம் கணக்கில் மூச்சுக்குழாய்க்குள் மட்டும் போவது, கடை மாத்திரையோடு அதை ஒன்றாக நினைத்துப் பயப்படாதீர்கள். பின்னால் டுபிலுமாப் ஆரம்பித்தாலும் மூச்சு நன்றாக இருக்கிறதே என்று இன்ஹேலரைத் தானாக விடக் கூடாது.

இதெல்லாம் ஒழுங்காக இரண்டு மூன்று மாதம் நடந்தும் இரவுத் தூக்கம் திரும்பவில்லை என்றால் அடுத்த படி. பெரிய அரசு மருத்துவமனைகளின் தோல் பிரிவில் ஒளிச் சிகிச்சை கிடைக்கும், சைக்ளோஸ்போரின், மெத்தோட்ரெக்சேட் மாதிரியான பழைய மருந்துகளும் உண்டு, விலை குறைவு, ஆனால் ரத்தப் பரிசோதனையோடுதான் எடுக்க வேண்டும், மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே, தவறி தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. அவையும் எடுபடவில்லை, அல்லது ஒத்துக்கொள்ளவில்லை, கரப்பானும் ஆஸ்துமாவும் சேர்ந்து அவன் படிப்பைக் கெடுக்கிறது என்றால், அப்போது டுபிலுமாபுக்கு நான் தயங்காமல் சரி சொல்வேன். பெரியவர்களுக்கு முதல் தடவை 600 மில்லிகிராம், அப்புறம் இரண்டு வாரத்துக்கொரு முறை 300. இன்சுலின் மாதிரி தொடையிலோ வயிற்றிலோ தோலுக்கடியில் அவனே போட்டுக்கொள்ளலாம். ஆனால் பணத்தை ஒரு ஊசிக்கு என்று கணக்குப் போடாதீர்கள், முதல் நான்கு மாதத்துக்கு முழுதாகப் போட முடியுமா என்று கணக்குப் போடுங்கள், அதற்குள்தான் இவனுக்குக் கேட்கிறதா இல்லையா என்று தெரியும். இரண்டு ஊசி போட்டுவிட்டுக் காசு இல்லாமல் நிறுத்துவதால் யாருக்கும் பயனில்லை. விலைச் சலுகைத் திட்டம் இருக்கிறதா, உங்கள் காப்பீடு வெளிநோயாளி ஊசிக்குப் பணம் தருமா என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

ஆயுள் முழுக்கவா என்று கேட்டீர்கள். இது ஏற்பியின் மேல் உட்கார்ந்து அதை மறைக்கிற மருந்து, ஏற்பியை மாற்றுகிற மருந்து இல்லை. நிறுத்தினால் இரண்டரை மூன்று மாதத்தில் உடம்பைவிட்டுப் போய்விடும், பலருக்கு நோய் மெதுவாகத் திரும்பும், சிலருக்கு நீண்ட நாள் வராமலும் இருக்கும். ஒரு வருடம் தெளிவாக இருந்த பிறகு இடைவெளியை நீட்டிப் பார்ப்பதை டாக்டரோடு பேசலாம்.

அடுத்த தடவை தோல் டாக்டரைப் பார்க்கப் போகும்போது, கடையில் வாங்கின அந்த மாத்திரை அட்டையையும் ஆயின்ட்மென்ட் ட்யூபையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை, பின்பக்கத்தில் மருந்தின் பெயர் தெரிந்தால் போதும். எந்த மாதத்திலிருந்து, நாளைக்கு எத்தனை என்று தம்பியையே ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள், ஹாஸ்டலில் அவனாக வாங்கிப் போட்டதும் அதில் வர வேண்டும்.